மண்ணெண்ணெயில் தேறியது, பெட்ரோலில் வீங்கியது

எங்கள் தொழிற்கூடத்தில் புதிதாகச் சேரும் பெண்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்கிறார்களாம். எல்லா வேலையையும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிறோம். கசிவுச் சோதனையை மட்டும் ஏன் கட்டடத்துக்கு வெளியே, தகரக் கொட்டகையில், இரண்டு மணல் வாளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்? அதுவும் நான்கு நாள் ஊறவைத்துவிட்டு?

இப்போது தரப்பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சுதா என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள். "எக்கா, நான் சொன்னா சட்டம் பேசுதேன்னு நெனைக்காளுவ. நீங்க எழுதித் தாங்க. சேருத அன்னைக்கே வாசிக்கக் குடுத்திருதேன்."

"எனக்கு எழுதல்லாம் வராது சுதா."

"வராதாமா? ஒரு ஜெட்ட ரிஜெக்ட் பண்ணதுக்கு முக்காப் பக்கம் எழுதுன ஆளு நீங்க."

அது உண்மைதான். அப்படி எழுதப் பழக்கியவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் தீக்காயம் படுகிற பெண் என் மகள் அபி. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். வாசிக்கிறவர்கள் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தோடு வாசிக்க வேண்டாம். அந்தப் பயத்தை நான் ஒருத்தி பட்டது போதும். இன்றைக்கும் தெருவில் ஒரு வண்டி பட்டென்று நின்றால் நான் வாசலுக்கு ஓடுகிறேன்.

நாங்கள் செய்வது பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான கார்புரேட்டர் சாமான்கள். அந்த வண்டிகளைச் செய்தவர்கள் நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. அசல் சாமான் கிடைக்காது. வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வயலுக்கு உர மூட்டை சுமப்பவையும் உண்டு, புதுப் பெயின்ட் பளபளக்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருபவையும் உண்டு. அவற்றுக்கு வேண்டிய, பெட்ரோல் பாயும் துளையுள்ள ஜெட், கேஸ்கெட், ரப்பர் வளையம், ஃப்ளோட் பின் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு விற்கிறோம்.

அந்த ஃப்ளோட் பின் என்பதை மட்டும் விளக்கிவிட்டால் மற்றதெல்லாம் புரியும். எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் பெட்ரோல் ஓரளவுக்கு மேல் நிறையக் கூடாது. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதல்லவா, அதே ஏற்பாடுதான் இதிலும். மிதவை மேலே வந்ததும் ஒரு சிறிய ஊசியைத் தள்ளும். ஊசி போய், பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். அந்த ஊசிதான் ஃப்ளோட் பின். ஒரு விரல் கணு நீளம்கூட இருக்காது. அது சரியாக அடைக்கவில்லை என்றால் பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் விழும்.

பாலிடெக்னிக் முடித்து, கல்யாணமாகி, அபி பிறப்பதற்கு முன்பே நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் பித்தளைச் சுருள் பொறுக்கினேன், சாமான் கழுவினேன், அளவுக் கருவி பிடிக்கக் கற்றேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு என்னைத் தரப்பிரிவில் ஞானமுத்து சாரிடம் விட்டார்கள்.

ஞானமுத்து சார் பாளையங்கோட்டைக்காரர். குரலை உயர்த்தமாட்டார். சட்டைப் பையில் இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். ஒன்று முகத்துக்கு, ஒன்று பித்தளைக்கு. ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அதன்மேல் லேசாக ஊதுவார், துடைப்பார், விளக்குக்கு நேரே பிடிப்பார். சந்தேகம் வந்தால் எங்களைத்தான் கேட்பார்: "இத மாட்டிக்கிட்டு ஒருத்தன் பாவநாசம் ஏத்தத்துல போறான்னு வையி. பொறத்த பெண்டாட்டி, முன்னால பிள்ள. என்ன செய்வோம்? விடுவோமா?" சாமானை அவர் சாமானாகப் பார்த்ததே இல்லை. அது போய்ச் சேரும் வண்டியையும் அதில் ஏறி உட்காரும் ஆளையும் சேர்த்தே பார்ப்பார்.

தள்ளுபடி செய்யும் சாமானுக்கு 'ரிஜெக்ட்' என்று முத்திரை குத்தி விட்டுவிடக் கூடாது என்பது அவர் சட்டம். ஏன் தள்ளினோம் என்று பதிவேட்டில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். என்னோடு வேலை பார்த்த புஷ்பம் ஒருநாள் எரிச்சலில், 'பார்க்கச் சகிக்கவில்லை' என்று எழுதி வைத்துவிட்டாள். சார் வாசித்துவிட்டு, "சரிதான் எம்மா. எந்த எடம் சகிக்கல? அதையும் எழுது" என்று பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் எழுதி வைத்த சோதனைகளில் முக்கியமானது பின்னுக்கான கசிவுச் சோதனை. பின்னை அதன் பித்தளை இருக்கையில் உட்காரவைத்து, மேலே ஒரு முழ உயரக் கண்ணாடிக் குழாயில் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். கீழே ஒரு சதுரம் மை ஒற்றும் தாள். பத்து நிமிடம் காத்திருப்போம். தாளில் ஈரம் தெரிந்தால் பின் தள்ளுபடி. பெட்ரோலில் செய்யாமல் ஏன் மண்ணெண்ணெயில் செய்கிறோம் என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் பெட்ரோல் தட்டு தீப்பிடித்து ஒருவருக்கு முகம் வெந்துபோனதாம். "உங்க எல்லாருக்கும் முகம் இருக்குல்லா" என்றார். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடக் கெட்டி, அதனால் மெதுவாகத்தான் கசியும் என்று அவருக்குத் தெரியும். அதற்காகவே மூன்று நிமிடம் போதும் என்ற இடத்தில் பத்து நிமிடம் என்று எழுதினார். அவ்வளவு யோசித்து எழுதிய சோதனை அது.

ஆனால் அவர் எழுதிய காலத்தில் பின் முழுக்கப் பித்தளை. இதை இங்கே வாசிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். சில வருடங்களில் பின்னின் நுனிக்குக் கறுப்பு ரப்பர் வந்தது. பித்தளை நுனி தேயும், லேசாகக் கசியும். ரப்பர் நுனி பொத்தென்று உட்கார்ந்து சுத்தமாக அடைத்துவிடும். கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மண்ணெண்ணெய்ச் சோதனையில் தள்ளுபடியே அநேகமாக இல்லாமல் போயிற்று. நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பொருள் மாறியிருக்கிறதே, சோதனையும் மாற வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. யாரும் என்று ஏன் எழுதுகிறேன்? கேட்க வேண்டியவள் நான்.

பிறகு பெட்ரோலும் மாறியது. எத்தனால் என்கிற சாராயம் கலந்து வர ஆரம்பித்தது. அளவு பைய கூடிக்கொண்டே போனது. பெட்ரோல் போடும் இடத்தில் எல்லோரையும் போல நானும், எத்தனால் கலந்தது என்று ஒட்டியிருந்த தாளை வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டு வேலைக்குப் போய், மண்ணெண்ணெய்க் குழாயை நிரப்பியிருக்கிறேன்.

என் கடைசி வருடத்தில் இரண்டு பின்கள் திரும்பி வந்தன. ஏரலில் பட்டறை வைத்திருக்கும் சுடலைமணி என்ற மெக்கானிக் அனுப்பியிருந்தார். 'மாட்டிய ஒரு மாதத்தில் ஒழுகுகிறது' என்று ஒரு சீட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நுனி சரியான அளவில் இருந்தது. மண்ணெண்ணெயில் வைத்தேன். பத்து நிமிடம், தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை. சார் பழக்கியபடி முழு வாக்கியமாகவே பதில் எழுதினேன்: 'பின்னில் குறை எதுவும் காணப்படவில்லை. பொருத்திய முறையில் தவறு இருக்கலாம் எனக் கருதுகிறோம்.' கையெழுத்தும் போட்டேன்.

அந்த வருடமே என் வலது கண்ணில் கோளாறு என்று மருத்துவர் சொன்னார். நுண்ணிய வேலை இனி வேண்டாம் என்றார். ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். என் இடத்துக்குச் சாமானை அளந்து பார்க்கும் கேமரா ஒன்று வந்தது, அதைப் பார்த்துக்கொள்ள சுதா வந்தாள்.

போகிற அன்று எனக்கென்று ஒரு காரியம் செய்தேன். வீட்டில் என் கணவரின் பழைய இரட்டைச் சைலன்சர் வண்டி சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அபி அதைச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ஆறு மாதமாகச் சம்பளத்தை அதில்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; ஆற்றோரத்து ஊர்களில் கிணறு, ஆழ்துளைக் குழாய் என்று போய் மாதிரி எடுத்து வருவாள். அந்த வண்டிக்காக நான் ஒரு பெட்டியிலிருந்து நாற்பது பின்களை வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் மிகச் சிறந்த ஒன்றை எடுத்தேன். அதை மட்டும் பத்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் மண்ணெண்ணெயில் வைத்தேன். மகளுக்கு அல்லவா?

நான்தான் அதை வண்டியில் மாட்டினேன்.

ஏழு வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, அபிக்குப் பெட்ரோல் வாடை அடித்தது. குனிந்து பார்த்திருக்கிறாள். கார்புரேட்டரின் ஓரம் முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைப்பதற்குள் குப்பென்று பிடித்துவிட்டது. தொட்டிக்குக் கீழே, அவள் இடது காலுக்குப் பக்கத்தில் தீ.

அவள் குதித்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பெட்ரோல் டேப்பை அடைத்தால்தான் தீ நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தீக்குள் கையை விட்டு டேப்பைத் திருகி அடைத்துவிட்டுத்தான் வண்டியைப் போட்டாள். பாலம் முடியும் இடத்தில் இளநீர் வண்டிக்காரர் ஒருவர் காய்களை மூடியிருந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு ஓடிவந்து அமுக்கியிருக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடது கையில் இரண்டு விரலுக்கும் கெண்டைக்காலுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எம்மா, வண்டி எங்க?"

"வண்டியா? அந்த எளவத் தூக்கி ஆத்துல போடச் சொல்லிட்டேன்."

"போட்றாதீங்கம்மா. ஆத்துத் தண்ணிய நாந்தான் டெஸ்ட் பண்ணணும்."

அவள் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

லோடு ஆட்டோவில் வண்டி வீட்டுக்கு வந்தது. அன்று மாலையே திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒழுகினால் ஒன்று மிதவை ஓட்டையாக இருக்க வேண்டும், அல்லது நான் மாட்டியதில் பிசகு இருக்க வேண்டும். பின்னை நான் சந்தேகப்படவே இல்லை. தீ வெளிப்புறத்தோடு நின்றதால் உள்ளே ஒன்றும் கருகவில்லை. கிண்ணத்தில் பெட்ரோல்கூட மிச்சம் இருந்தது. மிதவை நன்றாக இருந்தது. பின்னை வெளியே எடுத்தேன்.

நுனி வீங்கியிருந்தது. தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலைபோல உப்பி, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. பித்தளை இருக்கையின் விளிம்பு அதில் பதிந்து கோணலாக ஒரு வளையம் விழுந்திருந்தது. அந்தக் கோணல் வழியாகத்தான் பெட்ரோல் வழிந்திருக்கிறது.

பின்னை ஒரு தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆஸ்பத்திரிக்கு அலைச்சல். மூன்றாம் நாள் அண்ணாச்சியிடம், அதாவது எங்கள் முதலாளியிடம், காட்டலாம் என்று பின்னை எடுத்தேன். நுனி சுருங்கிப் பழையபடி ஆகியிருந்தது. உறிஞ்சிய பெட்ரோல் எல்லாம் காற்றில் காய்ந்துபோய், வீக்கம் வற்றிவிட்டது. வளையத் தழும்பும் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

அப்போதுதான் ஏரல் நினைவு வந்தது. ஏரலிலிருந்து வந்த இரண்டு பின்களும் தபாலில் காய்ந்துதான் வந்திருக்கின்றன. காய்ந்த பின்னை, அதை வீங்கவைக்காத மண்ணெண்ணெயில் வைத்துப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனை உறைகள் போயிருக்கும்? எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு பாலத்தின் மேல் நிற்கிறார்கள்? என் மகள் தப்பித்தாள். அவர்களுக்கெல்லாம் யார் டேப்பை அடைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அண்ணாச்சியிடம் போகுமுன் கையில் நிரூபணம் வேண்டும். இரண்டு ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி, ஒன்றில் மண்ணெண்ணெயும் ஒன்றில் பெட்ரோலும் ஊற்றி, மொட்டை மாடியில் பாட்டிலுக்கு ஒரு பின்னைப் போடப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அபி தடுத்தாள்.

"ஒண்ணுக்கு ஒண்ணு வச்சா அது டெஸ்ட்டாம்மா? அந்தப் பின்னே கோளாறுன்னு சொல்லிருவாங்க. ரெண்டு பாட்டில்லயும் அஞ்சஞ்சு போடுங்க. போடுததுக்கு முந்தி எல்லாத்தயும் கேஜ்ல எறக்கிப் பாத்து எழுதுங்க. தெனமும் ஒரே நேரத்துக்குப் பாருங்க."

"இருவத்தெட்டு வருசம் டெஸ்ட் பண்ணவளுக்கு நீ சொல்லித் தாரியோ?"

"இருவத்தெட்டு வருசம் மண்ணெண்ணெயில பண்ணுனீங்கம்மா."

வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருக்கமாட்டேன். அவள் சொன்னதால் சுதாவிடமிருந்து பத்துப் பின்னும் கேஜும் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து எழுதினேன். கேஜ் என்பது துளையிட்ட பித்தளைத் தகடு. நல்ல பின்னின் நுனி தன் கனத்திலேயே அந்தத் துளையில் இறங்கிவிட வேண்டும். பத்தும் இறங்கின. நான்காம் நாள் மண்ணெண்ணெயில் கிடந்த ஐந்தும் இறங்கின. பெட்ரோலில் கிடந்த ஐந்தில் ஒன்றுகூட இறங்கவில்லை. அபி கைபேசியில் படம் எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஞானமுத்து சார் வீட்டுக்குப் போனேன். அவர் எழுதிய சோதனையை அவருக்குத் தெரியாமல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்பதை நெருங்கிவிட்டார். படங்களைப் பார்த்துவிட்டுக் கோபம்தான் முதலில் வந்தது.

"நான் எழுதுன டெஸ்ட்டுல என்ன தப்பு? ரப்பர் வச்சது நானா?"

"நீங்க இல்ல சார்."

"பெட்ரோல்ல சாராயத்த ஊத்துனது நானா?"

"இல்ல சார்."

"பின்ன என்னத்துக்கு எங்கிட்ட வந்த?"

"ரப்பர் வந்தப்ப அந்த நாற்காலியில நாந்தான் சார் இருந்தேன். நீங்க எழுதுனதுன்னு தொடாம வச்சிருந்தேன்."

சார் டம்ளரை எடுத்தார். ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "ஏட்டி, வேதப்புத்தகமா அது? வெறும் நோட்டு. அடிச்சிட்டு எழுதிருக்கலாம்லா" என்றார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார்: "என் செருப்ப எடு. அண்ணாச்சியப் பாக்கப் போறேன்."

அண்ணாச்சி கெட்டவர் அல்ல. பயந்தவர். படத்தைப் பார்த்தார், பத்துப் பின்னையும் பார்த்தார். மாடியிலிருந்து இறக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனதற்குள் பாதி காய்ந்து வீக்கம் வற்றியிருந்தன.

"எம்மா கலா, பிள்ளைக்கு இப்படி ஆனதுல நீ கலங்கிப்போய் இருக்க. எனக்கும் வெசனந்தான். அடுத்த லாட்டுல வேற ரப்பர் போட்ருவோம். பைய மாத்திக்கிடலாம்."

"ஓடிக்கிட்டு இருக்கதுக்கு என்ன செய்ய அண்ணாச்சி?"

"எல்லாரையும் கூப்புட்டுச் சொன்னா நம்ம பேரு என்னத்துக்கு ஆவும்?"

கூட வந்திருந்த சார், மேசையில் இருந்த புது உறை ஒன்றைக் கிழித்தார். "நீரு இவளயும் நம்பாண்டாம், என்னயும் நம்பாண்டாம் வே. உம்ம உறை, உம்ம பின்னு. உம்ம ஸ்கூட்டர்லருந்து கொஞ்சம் பெட்ரோல் எடும். உம்ம கையால போட்டு வெளியே வையும். நாலு நாள் கழிச்சு உம்ம கையாலயே கேஜ்ல வச்சுப் பாரும். எறங்குச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் வந்து மன்னிப்புக் கேக்கோம்."

நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. மறுமுனையில் அண்ணாச்சி மூச்சு வாங்கினார். "எறங்கலட்டி. ஒண்ணுகூட எறங்கல. பன்னெண்டு பின்னு போட்டேன். சாயங்காலம் வா. என்ன பேசணும்னு எழுதிக் குடு."

அன்று மாலை அவர் கைபேசியில் பேசிப் பதிந்து எல்லாக் கடைக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளின் குழுக்களுக்கும் அனுப்பினார். நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் போக்கிலேயே பேசினார்: "எல்லாருக்கும் வணக்கம். நாந்தான் பேசுதேன். கறுப்பு ரப்பர் நுனி வச்ச நம்ம ஃப்ளோட் பின்னு இப்ப வார பெட்ரோலுக்கு ஆவாது. வீங்கி ஒழுவுது. ஒரு பிள்ளைக்குத் தீக்காயம் பட்டிருக்கு. மாட்டியிருந்தா ஒடனே கழட்டிருங்க. கடையில இருந்தா விக்காதீங்க. வேற பின்னு நான் தாரேன். தப்பு எங்க டெஸ்ட்டுல. மெக்கானிக்கக் கொற சொல்லாதீங்க."

கடைசி வாக்கியம் நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் ஏரலுக்கு நானே பேச வேண்டும் என்று தோன்றியது. சுடலைமணியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன்.

"உங்க பின்னு ரெண்டுக்கும் பதில் எழுதுனது நாந்தான். நீங்க சொன்னதுதான் சரி. என்னய மன்னிச்சிருங்க."

"யாரு, 'பொருத்திய முறையில் தவறு' அக்காவா?"

"ஆமா."

"ஒங்க லெட்டரக் கண்ணாடி போட்டுப் பட்டறையில மாட்டியிருக்கேன்க்கா. வாரவன் போறவன்லாம் வாசிச்சிட்டு, 'மணி, பொருத்திய முறை எப்படி இருக்கு?'ன்னு கேக்கானுவ."

அவரே தொடர்ந்தார். "வெசனப்படாதீங்க. நான் அன்னைலருந்தே பழைய பித்தளப் பின்ன தேச்சி மாட்டிக்கிட்டு இருக்கேன். எம்பக்கத்து வண்டி ஒண்ணுலயும் ஒங்க பின்னு கெடையாது. பிள்ள எப்படி இருக்கு?"

தொழிற்கூடத்தில் சோதனை மாறியது. எந்தப் பின்னையும் முதலில் வெளியே விற்கும் பெட்ரோலில் நான்கு நாள் ஊறவைக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேஜில் பார்க்க வேண்டும். பெட்ரோலிலேயே கசிவு பார்க்க வேண்டும். ஆல்கஹால் தாங்கும் ரப்பர் வந்தது. அதையும் நம்பாமல் ஊறவைத்தோம். நான்கு நாளும் இறங்கியது. புதிய பெட்ரோல் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு இடத்தில் வாங்க வேண்டும் என்று சுதா சேர்த்தாள். அது எனக்குத் தோன்றவில்லை. சார் சொன்னதுபோல உங்கள் எல்லோருக்கும் முகம் இருக்கிறது, அதற்காகத்தான் கொட்டகையும் மணல் வாளியும் வெளியே இருக்கின்றன. வெயிலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பின்கள் திரும்பி வர ஆரம்பித்தன. விற்காதவை உறையோடு வந்தன. அவற்றைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வரவில்லை. வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தவைதான் எனக்கு வேண்டும். தினமும் பத்து மணிக்குப் போய், தபாலைப் பிரிக்க உட்கார்ந்தேன். சுதா எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுவைத்தாள்.

அபிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. இரண்டு விரல்களிலும் தோல் புதிதாக, ரோஸ் நிறத்தில் இருக்கிறது. வண்டியை மறுபடி எடுக்கப்போகிறேன் என்றாள். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புதுப் பின்னை ஊறவைத்து, அவளையே கேஜில் பார்க்கச் சொல்லி, அவளையே மாட்டச் சொன்னேன். நான் தள்ளி நின்றுகொண்டேன். அவள் சேரன்மகாதேவிக்கு மாதிரி எடுக்கப் போய்விட்டு வரும்வரை பதினொரு முறை போன் பண்ணினேன். "எம்மா, போன் எடுக்க வண்டிய நிறுத்தி நிறுத்தியே வண்டி ரிப்பேராயிரும்" என்றாள்.

போன வாரம் திசையன்விளையிலிருந்து ஒரு கடித உறை வந்தது. எனக்குப் பழக்கமில்லாத மெக்கானிக். உள்ளே மூன்று பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஒரு பின். மூன்றிலும் நுனியைச் சுற்றிக் கோணல் வளையம் இருந்தது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் பூதக்கண்ணாடி இல்லாமலே கண்ணில் பட்டது. கூட ஒரு அரைத்தாள், பால்பாயின்ட் பேனாவில்:

'அண்ணாச்சி பேசியதைக் கேட்டேன். மூன்று வண்டிக்கும் நேரே போய்க் கழற்றிவிட்டேன். முதல் பின் முருங்கைக்காய் வியாபாரி வண்டியில் இருந்தது. கழற்றும்போதே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது டியூஷன் எடுக்கும் சார் வண்டி. மூன்றாவது என் மச்சான் வண்டி, பெண்டாட்டி பிள்ளையோடு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், சண்டை போட்டு நிறுத்தினேன். எல்லோரும் சுகம். புதுப் பின் மூன்று அனுப்பவும். மச்சானுக்கு முதலில்.'

அன்றைக்கே அனுப்பிவிட்டோம். அன்று அபி ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் அவள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதுதான், காலையிலிருந்து ஒருமுறைகூட அவளுக்கு நான் போன் பண்ணவில்லை என்பது எனக்கு உறைத்தது.